பதினேழு வயதும் பத்துக் கட்டங்களும்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பொதுப் படிவத்துக்குக் ‘காமன் ஆப்’ என்று பெயர். 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. மதிப்பெண், குடும்ப விவரம், 650 சொற்களுக்கு மிகாத ஒரு கட்டுரை ஆகியவற்றோடு ‘செயல்பாடுகள்’ என்றொரு பகுதியும் அதில் உண்டு. மொத்தம் பத்துக் கட்டங்கள். வகித்த பொறுப்பைச் சொல்ல 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100 எழுத்து, செய்ததை விவரிக்க 150 எழுத்து. இடைவெளியும் கணக்கில் சேரும். எந்தெந்த வகுப்பில் செய்தாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம், கல்லூரியிலும் தொடர விருப்பமா என்று அடுத்தடுத்துக் கேள்விகள். ஒரு பிள்ளை நான்கு ஆண்டுகள் வயலின் வாசித்ததும், கால்பந்து ஆடியதும், பாட்டியைக் கவனித்துக்கொண்டதும், மளிகைக் கடையில் பில் போட்டதும் ஒவ்வொன்றும் இந்த 150 எழுத்துகளுக்குள் வந்தாக வேண்டும்.

நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகவே வாழ்கிறார்கள், அங்கே பார், விளையாட்டையும் இசையையும் நாடகத்தையும் மதிக்கிறார்கள் என்ற பேச்சு நம் வீடுகளில் பல காலமாக நடக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அமெரிக்கப் பள்ளி தன் மாணவர்களின் ஓய்வுநேரத்துக்குச் செய்த நன்மை வேறு. அந்நாட்டின் பெருங்கல்லூரிகள் அதே ஓய்வுநேரத்தை எடை போட்டு இடம் கொடுப்பது வேறு. இரண்டின் நோக்கமும் ஒன்றில்லை, பிறந்த கதையும் ஒன்றில்லை. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை எடுத்து வருகிறோம்.

முதலில் நல்ல கதை. 1910-இல் அமெரிக்காவில் பதினெட்டு வயதினரில் நூற்றுக்கு 9 பேர்தான் ஹைஸ்கூல், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்தவர்கள். 1940-இல் ஏறக்குறைய பாதிப் பேர் முடித்திருந்தார்கள். முப்பதே ஆண்டுகளில் விவசாயியின் பிள்ளையும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் கப்பலேறி வந்தவரின் பிள்ளையும் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குப் போகப் போவதில்லை. அப்படியானால் பள்ளி இவர்களுக்கு என்ன தர வேண்டும்? தேசியக் கல்விச் சங்கம் அமைத்த ஆணையம் 1918-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு ஏழு குறிக்கோள்களைச் சொன்னது. உடல்நலம், அடிப்படைத் திறன்கள், நல்ல இல்லறம், தொழில், குடிமை, ஓய்வுநேரத்தை நல்ல வகையில் கழித்தல், ஒழுக்கம். கல்லூரிக்குத் தயார்செய்வது அந்த ஏழில் ஒன்றாக இல்லை. ஓய்வுநேரம் ஒன்றாக இருக்கிறது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு மாலைப் பொழுதும் உண்டு, அதைச் செம்மையாகக் கழிக்கக் கற்றுத்தருவதும் அரசுப் பள்ளியின் கடமை என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாடு எழுதி வைத்தது சாதாரணச் செய்தியில்லை.

எழுதி வைத்ததோடு நிற்கவுமில்லை. சிற்றூர்ப் பள்ளிக்கும் உடற்பயிற்சிக்கூடம் வந்தது, நாடக மேடை வந்தது, மரவேலைப் பட்டறை வந்தது, மாணவர்களே நடத்தும் செய்தித்தாளும் ஆண்டுமலரும் வந்தன. பாண்டு வாத்தியம் பள்ளி நேரத்திலேயே நடக்கும் ஒரு பாடமாயிற்று. கணக்குக்கு மதிப்பெண் போடுவது போல அதற்கும் போட்டார்கள்.

விவசாய மாணவர்களுக்கான எஃப்.எஃப்.ஏ. அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1917-இல் அமெரிக்க அரசு விவசாயத் தொழிற்கல்விக்குப் பள்ளிகளில் நிதி ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் கன்சாஸ் சிட்டியில் இந்த அமைப்பு தோன்றியது. உறுப்பினர்கள் நீலநிற கார்டுராய் ஜாக்கெட் அணிவார்கள். முதுகில் மாநிலத்தின் பெயர், மார்பில் அவரவர் பெயர். வகுப்பில் விவசாயப் பாடம் படிப்பதோடு ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். ஒருவர் பன்றி வளர்ப்பார், ஒருவர் கன்று வளர்ப்பார், இன்னொருவர் நாற்றங்கால் போடுவார். குட்டி வாங்கிய விலை, தீவனச் செலவு, மருத்துவச் செலவு, எடை ஏறிய கணக்கு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். மாவட்டச் சந்தைத் திருவிழாவில் அந்த விலங்கை வளையத்துக்குள் நடத்திக்கொண்டுபோய் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பிறகு ஏலம். உள்ளூர்க் கடைக்காரர்களும் வங்கிக்காரர்களும் சந்தை விலைக்கு மேலேயே கேட்டு எடுப்பார்கள், பிள்ளையின் மேற்படிப்புக்குப் போகட்டும் என்று. மாதக்கணக்கில் தினமும் விடியற்காலையில் தீவனம் வைத்து வளர்த்த விலங்கை விற்றுவிட்டு அழுதுகொண்டே நிற்கும் பிள்ளைகளை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். இதைப் பொழுதுபோக்கு என்பதா, தொழில் என்பதா, படிப்பு என்பதா? மூன்றும்தான். 

இந்த அமைப்புக்கும் கறை உண்டு. கறுப்பின மாணவர்களுக்குத் தனி அமைப்பு இருந்தது. 1965-இல்தான் இரண்டும் இணைந்தன. பெண்களைத் தேசிய அளவில் 1969-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். இன்று உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பெண்களின் விளையாட்டைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க ஹைஸ்கூல் விளையாட்டு அணிகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. ஆண்கள் 36 லட்சத்துக்கும் மேல். 1972-இல் வந்த சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்றது. இன்று அணிகளில் ஆடும் பெண்கள் ஏறக்குறைய 34 லட்சம். ஒருவரே இரண்டு மூன்று விளையாட்டுகளில் எண்ணப்படுவதும் இதில் சேரும் என்றாலும் வளர்ச்சியின் அளவு தெளிவு. பள்ளி வாசலைத் திறந்தது, பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அன்று இதற்குப் பெரும்பாலோர் தனியாகப் பணம் கட்டவில்லை, ஆலோசகரை அமர்த்தவில்லை.

இனி மறுபக்கம். அதற்கு 1922-ஆம் ஆண்டின் ஹார்வர்டுக்குப் போக வேண்டும். அதுவரை அங்கே சேர்க்கை பெரும்பாலும் தேர்வைச் சார்ந்தது. தேறினால் இடம் உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், தேறினார்கள், சேர்ந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள் என்ற நிலை வந்ததும் பல்கலைக்கழகத் தலைவர் ஏ. லாரன்ஸ் லோவெல் அவர்களுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்றார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் விண்ணப்பப் படிவத்தில் புதிய கேள்விகள் முளைத்தன. உன் இனம் என்ன, தாயின் பிறந்தவீட்டுப் பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது, நீ பிறந்தபின் உன் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதா, மாற்றப்பட்டிருந்தால் விளக்கு. அப்படியும் 1925-இல் யூத மாணவர் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். 1926-இல் சேர்க்கை விதிகள் திருத்தப்பட்டன. மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, படிப்போடு ‘குணநலன்’, ‘ஆளுமை’ ஆகியவற்றையும் எடைபோடுவது என்றானது. புகைப்படம் கேட்கப்பட்டது. பள்ளி விளையாட்டிலும் சங்கங்களிலும் முன்னணியில் நின்றவன் யார் என்பது தேர்வு மதிப்பெண்ணை வெல்லும் ஆயுதமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் யூத மாணவரின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யேலும் பிரின்ஸ்டனும் இதே வழியில் நடந்தன. சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் இந்த மூன்று பல்கலைக்கழகங்களின் ஆவணங்களை அலசி 2005-இல் எழுதிய பெரிய நூலில் இவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

ஆக, ‘முழு மனிதனைப் பார்க்கிறோம்’ என்று இன்று பெருமையோடு சொல்லப்படும் சேர்க்கை முறை, நன்றாகப் படித்த ஒரு சமூகத்தை வாசலில் நிறுத்துவதற்காக வடிவம் பெற்றது. பிறப்பு அப்படி இருந்ததால் இன்றும் நோக்கம் அதுவேதான் என்று நான் சொல்லவில்லை. அதே முறையைக் கொண்டு பிற்காலத்தில் கறுப்பின மாணவர்களுக்கும் ஏழைகளுக்கும் கதவு திறக்க நேர்மையாக முயன்றவர்கள் உண்டு. ஆனால் அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் விருப்பப்படி வளையக்கூடியது அது. இன அடிப்படையிலான சேர்க்கையை எதிர்த்து ஹார்வர்டின்மேல் தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த ஆவணங்கள், படிப்பு, செயல்பாடு, விளையாட்டு, ‘ஆளுமை’ என்று தனித்தனியே புள்ளி போடப்படுவதைக் காட்டின. ஆசிய அமெரிக்க மாணவர்கள் படிப்பில் முன்னே நின்றார்கள், ஆளுமைப் புள்ளியில் பின்தங்கினார்கள். உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று விசாரணை நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆளுமையை எடைபோடும் முறைக்கு அது முடிவு கட்டவில்லை.

இந்த முறையால் இன்று யாருக்கு லாபம்? பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி கல்லூரிகள் எட்டோடு ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டது. எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய இரு பிள்ளைகளில், வருமானத்தில் மேல்தட்டு ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இக்கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். காரணங்கள் மூன்று என்றது ஆய்வு. பெற்றோர் அங்கே படித்திருந்தால் கிடைக்கும் சலுகை; விளையாட்டு வீரர் ஒதுக்கீடு; படிப்பு சாராத தகுதிகளுக்குக் கொடுக்கும் எடை. இந்த மூன்றும் பிற்கால வாழ்க்கையில் அந்த மாணவர் சாதிப்பாரா என்பதை முன்கூட்டிக் காட்டுவதில்லை என்றும், படிப்புத் தகுதியே அதைக் காட்டுகிறது என்றும் அதே ஆய்வு கண்டது. அமெரிக்கர்களில் அரை சதவீதத்துக்கும் குறைவானவர்களே இந்தப் பன்னிரண்டு கல்லூரிகளில் படிக்கிறார்கள்; செனட்டர்களில் கால்வாசிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

படகுப் போட்டி, வாள்வீச்சு, நீர்ப்பந்து போன்ற விளையாட்டுகள் எந்த ஊர்ப் பள்ளியில் இருக்கும், யார் வீட்டுப் பிள்ளை ஆடும் என்பது ஊகிக்கக் கடினமானதில்லை. 2019 மார்ச்சில் வெளிவந்த சேர்க்கை ஊழலில், ஒருநாளும் படகு வலிக்காத பிள்ளைகளைத் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்து வீரர்களாகக் காட்டியிருந்தார்கள். இடைத்தரகருக்குச் சிறை கிடைத்தது. சட்டப்படி நடப்பதோ பயிற்சி, பயணம், கோடை முகாம், கட்டுரை திருத்தும் ஆலோசகர் என்று பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டி அதே கட்டங்களை நிரப்புவது. அதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது.

இந்த எடைபோடல் பள்ளிக்குள்ளும் வந்து சேதம் செய்திருக்கிறது. ராபர்ட் பட்னமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970-கள் தொட்டு எடுக்கப்பட்ட தேசிய ஆய்வுகளை ஒப்பிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பள்ளிச் செயல்பாடுகளில் பங்கேற்பது கூடிக்கொண்டே வந்திருக்கிறது. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளிடம் குறைந்துவிட்டது. அரசுப் பள்ளிகளின் நிதி சுருங்கியபோது, அணியில் ஆட, பாண்டில் வாசிக்கக் கட்டணம் கட்டு என்ற வழக்கம் பல மாவட்டங்களில் வந்தது. 1918-இல் எல்லாருக்கும் என்று எழுதியது மெல்ல மெல்லக் கட்ட முடிந்தவர்களுக்கு என்று ஆனது. இந்தச் சரிவுக்குக் கல்லூரிகள் மட்டும் காரணமில்லை, வரிப்பணம் பள்ளிக்கு வராததும் காரணம். ஆனாலும் பொழுதுபோக்குக்குச் சந்தை மதிப்பு ஏறியபோதுதான் வசதியானவர்கள் பள்ளியை நம்பாமல் வெளியே வாங்கத் தொடங்கினார்கள் என்பது என் கணிப்பு.

விளையாட்டாகச் செய்வது என்னவாயிற்று? மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு வருகிறது. அந்தத் தரவை ஜீன் ட்வெங்கியும் சக ஆய்வாளர்களும் அலசினார்கள். 1970-களின் இறுதியில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் நாள்தோறும் புத்தகமோ பத்திரிகையோ படித்தார்கள். 2016-இல் 16 சதவீதம். கைப்பேசிதான் முதல் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. என்றாலும் சும்மா படுத்துக்கொண்டு நாவல் படிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்பதையும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அறிந்தே இருக்கிறது.

இத்தனையும் மாணவர்களில் ஒரு சிறு பகுதியினரின் கதை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023-இல் ஹைஸ்கூல் முடித்தவர்களில் அந்த அக்டோபருக்குள் ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்தவர்கள் 61.4 சதவீதம் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை. 2009-இல் அது 70 சதவீதம். பெண்கள் ஆண்களை முந்தியிருக்கிறார்கள். சேர்ந்தவர்களில் கணிசமானோர் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அங்கே பத்துக் கட்டம் கிடையாது. ஹைஸ்கூல் முடித்திருந்தால் போதும். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய இந்த வகைக் கல்லூரிகள்தான் செவிலியரையும் வெல்டரையும் ஊர்தி பழுதுபார்ப்பவரையும் உருவாக்குகின்றன. மிச்சமுள்ளவர்கள் வேலைக்குப் போகிறார்கள், படையில் சேர்கிறார்கள், சிலர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் திரைப்படங்களும் பத்திரிகைகளும் காட்டும் அமெரிக்க மாணவர்களில் இவர்கள் இருப்பதே இல்லை.

இவர்களுக்கு வழிகாட்டவும் ஆளில்லை. ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை; நாட்டின் சராசரி 380-ஐ ஒட்டி இருக்கிறது. இடம் கிடைத்து, வருகிறேன் என்று ஒப்புதலும் கொடுத்துவிட்டுக் கல்லூரி திறக்கும்போது வராமல் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பெஞ்சமின் காசில்மனும் லிண்ட்சே பேஜும் ஆராய்ந்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே இதில் அதிகம். மே மாதம் பள்ளி முடிகிறது, ஆலோசகர் விடுமுறையில் போய்விடுகிறார், விடுதி முன்பணம், காப்பீட்டுப் படிவம், உதவித்தொகைக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன, வீட்டில் கல்லூரி பார்த்தவர் ஒருவரும் இல்லை. பிள்ளையின் நான்காண்டுப் பாடு ஒரு கோடையில் கரைந்துவிடுகிறது.

வேறு வழியும் அமெரிக்காவிலேயே இருக்கிறது. டெக்சஸ் மாநிலம் 1997-இல் ஒரு சட்டம் செய்தது. எந்த ஹைஸ்கூலாக இருந்தாலும் அதில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் இந்த வரம்பு பிறகு குறுக்கப்பட்டது. அதுவரை ஆஸ்டினுக்கு ஒரு மாணவரைக்கூட அனுப்பாத கிராமத்து, ஏழைப் பகுதிப் பள்ளிகள் அனுப்பத் தொடங்கின. செயல்பாடுகளைக் குறைத்துக் கேட்பதும் ஒரு வழி, எம்.ஐ.டி. தன் படிவத்தில் நான்கைத்தான் கேட்கிறது. கடைக்கு வேலைக்குப் போவதையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதையும் செயல்பாடாக மதியுங்கள் என்று ஹார்வர்டின் கல்வியியல் துறை 2016-இல் ஓர் அறிக்கையில் கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. நல்ல திருத்தங்கள்தான். ஆனால் பாட்டியைக் கவனித்துக்கொண்ட அன்பையும் 150 எழுத்தில் எழுதிப் புள்ளி வாங்க வேண்டிய நிலை அப்படியே நிற்கிறது.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதற்கு நடுவில் இருக்கின்றன. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றம் பெரும்பாலும் ஹைஸ்கூல் முடியும் தறுவாயில், கோடை விடுமுறையில் நடக்கிறது. பத்து ஆண்டு ஆசையும் உழைப்பும் அதில் இருக்கின்றன. அதை யாரும் படிவத்துக்காகச் செய்ததென்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், நட்டுவாங்கத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் அரங்க வாடகைக்கும் செலவழிக்க முடிந்த வீட்டில்தான் அது நடக்கிறது, கட்டமும் நிறைகிறது. ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு வேறொரு வழி கிடைத்தது. கலிஃபோர்னியா 2011-இல் சட்டமாக்கிய இருமொழித் திறன் முத்திரையை இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் பள்ளிச் சான்றிதழில் பதிக்கின்றன. தமிழில் தேர்ச்சி காட்டும் பிள்ளையும் அதைப் பெறலாம். தேர்ச்சி பெற்ற எல்லாருக்கும் தரப்படுவது என்பதால் எனக்கு அது நல்ல ஏற்பாடாகப் படுகிறது. ஒருவர் பெறுவதால் இன்னொருவர் இழப்பதில்லை.

நம் ஊரில் நிலைமை நேர்மாறு. பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். பிளஸ் டூ பிள்ளை ஆடினாளா பாடினாளா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அதை ஒரு குறையாகச் சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தக் கணக்கால்தான் முதல் தலைமுறைப் பிள்ளை கிண்டி பொறியியல் கல்லூரிக்குள் வர முடிந்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பி.டி. பீரியட் கால அட்டவணையில் மட்டும் இருக்கும். கணக்கு ஆசிரியரோ வேதியியல் ஆசிரியரோ வந்து நிற்பார். ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா நல்ல தொடக்கம். அது போட்டியோடு நின்றுவிடாமல் ஆண்டு முழுவதும் நடக்கும் வகுப்பாக வேண்டும்.

இதைச் செய்யாமல், சென்னையிலும் கோவையிலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ‘புரொஃபைல்’ கட்டித் தருகிறோம் என்று லட்சங்களில் கேட்கும் ஆலோசகர்களிடம் பெற்றோர் போய் நிற்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரிக்காகப் போகிறவர்களை நான் தடுக்க முடியாது. ஆனால் இதே எடைபோடலை இங்குள்ள சேர்க்கைக்கும் கொண்டுவர வேண்டும் என்ற குரல் கல்வியாளர்களிடம் எழும்போதெல்லாம் ஹார்வர்டின் 1926-ஐ நினைவூட்ட வேண்டியது நம் பொறுப்பு. தலைமையாசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள்: வரும் ஜூனில் பிளஸ் டூ வகுப்புக்கு அட்டவணையில் போடும் பி.டி. பீரியடை வேறெந்த ஆசிரியருக்கும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் மைதானத்துக்குப் போகட்டும். அதற்கு யாரும் மதிப்பெண் போட வேண்டாம்.